நைனா கொண்டுவந்த நீல டிரம்

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு சித்திரை மாதம், கவரைப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்த அன்று நடந்தது இது. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் திருநின்றவூரில் குடியேறிவிட்டேன். வீட்டை வாடகைக்கு விடலாம் என்றால் உள்ளே ஒரு ஆயுசுக்குச் சேர்த்த சாமான்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரே வழிதான். விலைபோவதைக் காயலான் கடையில் போடுவார்கள். மீதியை ஏரிக்கரையில் கொட்டிக் கொளுத்துவார்கள். ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் புகை தெரு முழுக்க வரும். யாரும் கேட்கமாட்டார்கள். சுற்றியிருக்கும் கம்பெனிப் புகையையே கேட்காத ஜனம் இதையா கேட்கும்? நானும் கொளுத்தத்தான் இருந்தேன். என் மனைவிதான், பக்கத்து ஊரில் ஒரு பெண் குட்டி யானை லோடு வண்டி வைத்துப் பழைய சாமான் எடுக்கிறாள், எதையும் எரிக்காமல் பிரித்து அனுப்புகிறாள் என்று விசாரித்துக் கூப்பிட்டாள்.

வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். பெரிய வாய். கூட இரண்டு ஆட்கள். வாசலில் மூன்று தார்ப்பாய் விரித்தாள். மறுபடி புழங்குவது ஒன்றில், உடைத்துப் பிரிப்பது ஒன்றில், யாரும் தொடக்கூடாதது ஒன்றில். டியூப்லைட்டைப் பேப்பரில் சுற்றினாள். ஃப்ரிட்ஜில் கேஸ் இருக்கும், சாய்க்காதே என்று ஆட்களைத் திட்டினாள். குப்பைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு எரிச்சல். ஆனால் அப்பாவின் டிபன் கேரியர், தேய்ந்த கம்பெனி ஷூ, அக்காவும் நானும் படுத்த இரும்புத் தொட்டில் எல்லாம் ஒவ்வொன்றாக வெயிலில் வந்து உட்கார்ந்தபோது, அந்த எரிச்சல் போய்விட்டது.

கடைசியாகக் கொல்லையிலிருந்து நீல டிரம் வந்தது.

அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தார். காலியான டிரம்மைத் தொழிலாளிகள் எடுத்துப் போகலாம். சைக்கிள் கேரியரில் கட்டி, மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே வருவார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். தண்ணீர் நிரப்பி ஊறவைத்துக் கொட்டுவார், மறுபடி நிரப்புவார். லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட காலம் அது. தெருவில் பாதி வீட்டு டிரம் அவர் கொண்டுவந்து கொடுத்ததுதான். புதிதாகக் கல்யாணமாகி யாராவது குடிவந்தால் ஒரு டிரம் நிச்சயம். எங்கள் டிரம் தண்ணீரில்தான் குளித்தோம், குடித்தோம், அக்கா கல்யாணத்துக்குச் சோறு வடித்தோம்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த கைக்குழந்தைக்காரி அன்று காலை அந்த டிரம்மைக் கேட்டிருந்தாள். எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

வண்டிக்காரியோ அதைத் தொடக்கூடாத தார்ப்பாயில் உருட்டிவிட்டாள்.

"அத அங்க போடாத. அது பக்கத்து ஊட்டுக்கு."

"கெமிக்கல் டிரம்ம முழுசா வுடமாட்டேன்ணா. அறுத்துட்டுதான் எடுத்துக்கினு போவேன். முழுசா வுட்டா எவனாவது தண்ணி புடிப்பான்."

"என் டிரம்ம அறுக்க நீ யாரு? முப்பது வருசமா இந்தத் தண்ணி குடிச்சவன் நானு. செத்தா பூட்டேன்?"

"நீ குண்டுக்கல்லாட்டம் கீற. அந்தப் பச்சப்புள்ளைக்கு இன்னா ஆவும்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாதத ஒருத்தி தலையில கட்டுவியா?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "அப்ப எங்க நைனா இந்தத் தெருவுக்கே வெசம் வச்சாருன்றியா?" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எதுக்குண்ணா பேஜாரு, எனக்கு டிரம்மே வேணாம்" என்றாள்.

வண்டிக்காரி குரலைக் குறைக்கவில்லை. "உங்க நைனாவுக்கு யாரும் சொல்லல. கம்பெனிக்காரன் சொல்லிருக்கணும், சொல்லல. உனக்கு நான் சொல்லிட்டேன். இதுக்கு மேல நீ குடுத்தா, அது நீ குடுத்தது. அவரு குடுத்தது இல்ல."

போய் டிரம்மை நிமிர்த்தி வைத்தேன்.

"ரம்பத்தக் குடு" என்றேன். அவர் கொண்டுவந்ததை வேறு ஆள் அறுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பாதி அறுத்திருப்பேன். ரம்பம் சூடேறிப் பிளாஸ்டிக் இளகியது. அப்போது ஒரு வாசனை வந்தது. பிளாஸ்டிக் வாசனை இல்லை. கொஞ்சம் இனிப்பாக, மூக்கில் ஏறுகிற மாதிரி. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது வருகிற வாசனை. அவர் நைட் ஷிப்ட் போகும் நாட்களில் அந்தப் பழைய சட்டையில் முகம் வைத்துத்தான் நான் தூங்குவேன். அது அப்பாவின் வாசனை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். வண்டிக்காரி தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, மீதியை அவளே அறுத்தாள். துண்டுகளைத் தனியாகக் கட்டி, ஆபத்தான கழிவை எடுக்கும் இடத்துக்குப் போகும் என்றாள்.

பக்கத்து வீட்டுக்குப் பொன்னேரியில் புது டிரம் வாங்கிக் கொடுத்தேன். அப்பா கொடுத்த டிரம்மில் இனித் தண்ணீர் பிடிக்காதீர்கள் என்று தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பெத்த அப்பன் கொடுத்ததையே குறை சொல்கிறானே என்று என்னைத் திட்டினார்கள். சிலர் வண்டிக்காரியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இன்னமும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் சண்டை போட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

அப்பா சாவுக்கும் அந்தக் கெமிக்கலுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியாது. ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் போகும்போது காற்றில் அந்த வாசனை லேசாக வந்தால், கோபம் வருவதற்கு முன்னால், அப்பா வந்துவிட்டார் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.