சமாதிக் கல்லும் கல்யாணப் பலகையும்

அதெல்லாம் கிடையாது. தாமரையின் கை தீட்டுப்பட்ட கை என்று இன்னொரு தரம் யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். செத்தவர்களின் பெயரை எழுதுகிறாளாம், அதே கையால் கல்யாணப் பெண்ணின் பெயரையும் எழுதுகிறாளாம், அது குடும்பத்துக்கு ஆகாதாம். எங்கள் தாமானில், அதாவது இந்த வீட்டுக் குடியிருப்பில், உள்ள பெண்கள் வாட்சாப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவர்கள் குரலாக அனுப்புகிறார்களே, அதைக் கேட்கக் காது போதும்.

நான் கேட்கிறேன். கிள்ளானில் பூக்கடை வைத்திருக்கிறவர் கல்யாண மாலையையும் பாடை மாலையையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதானே கட்டுகிறார்? உறுமி மேளக்காரர்கள் இழவு வீட்டிலும் அடிக்கிறார்கள், மாப்பிள்ளை ஊர்வலத்திலும் அடிக்கிறார்கள். அந்தக் கைகளில் ஒட்டாத தீட்டு என் மருமகளின் பென்சிலில் மட்டும் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? பிள்ளை இல்லாததற்கும் இதுதான் காரணமாம். அவள் சமாதிக் கல்லைத் தொட்டதே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து. அதற்கு முன்னால் பிள்ளை வராததற்கு எந்தக் கல் காரணம்? சொல்லட்டுமே.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதிக்கொள்கிறாள்.

தாமரை டெங்கில் என்கிற ஊர்ப் பக்கத்துப் பெண். என் மகன் முகுந்தனைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தாள். முகுந்தனுக்குக் கல்யாண அலங்காரத் தொழில். மேடை, பூ, விளக்கு, கெமா என்று சொல்கிற கூடாரம், நாற்காலி எல்லாம் அவனுடைய லோரியில்தான் போகும். வந்த புதிதில் தாமரை பூக்களைக் கம்பியில் கோத்துக் கொடுத்தாள். அப்புறம் மேடைக்கு முன்னால் நிறுத்துகிற பெயர்ப் பலகை அவள் பொறுப்புக்கு வந்தது. மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் கம்ப்யூட்டரில் அடித்து, ஸ்டிக்கராக வெட்டி ஒட்டுவார்கள். அதில் அவளுக்கு மனசு ஒட்டவில்லை. சின்னப் பெயரோ நீளப் பெயரோ, யார் வீட்டுக் கல்யாணமோ, எல்லாவற்றுக்கும் அதே எழுத்து. பெயர் நீளமாக இருந்தால் மிஷின் அதைப் பிடித்து நசுக்கிவிடும். கூட்டமான பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி இருக்கிறது அத்தை என்பாள்.

கையாலேயே எழுத்து வரையச் சொல்லித்தருகிற வகுப்பு ஒன்று பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பதைக் கைப்பேசியில் பார்த்தாள். லோகேஸ்வரி என்று ஒரு பெண், தாமரையைவிட வயதில் சின்னவள், கடை மாடியில் நடத்துகிறாள். சனிக்கிழமைதோறும் தாமரை ரயிலேறிப் போனாள். அப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. சனிக்கிழமையானால் அலங்காரம் பண்ணிக்கொண்டு எங்கே போகிறாள் என்று நாலு வீடு தள்ளியிருக்கிற சீதாலெட்சுமி என்னிடமே வந்து கேட்டாள். மை வாங்கப் போகிறாள் என்றேன். கண்ணுக்கா என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

என்ன பாடுபட்டாள் என்பது வீட்டிலிருந்த எனக்குத்தான் தெரியும். எழுத்து வரைவது வேறு, எழுதுவது வேறு. முதலில் பென்சிலால் எலும்பு மட்டும் போடுவாள். அப்புறம் அதைச் சுற்றிச் சதை வைப்பாள். தூரிகை இறங்கும் இடத்தில் அழுத்தம், ஏறும் இடத்தில் மெலிவு. இங்கிலீஷ் எழுத்துக்கு எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்று லோகேஸ்வரிக்குத் தெரியும். தமிழுக்கு அவளிடம் தீர்மானமான பதில் இல்லை. இரண்டு பேரும் சண்டை போட்டுத்தான் ஒவ்வொரு எழுத்தாக முடிவு பண்ணினார்கள். வீட்டில் பழைய பேப்பர் முழுக்க ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து வைத்திருப்பாள். சாப்பாட்டு மேசை, குளிர்பெட்டிக் கதவு, எங்கு பார்த்தாலும் சுழிதான். சில நாள் சோறு குழைந்துபோகும். குழைந்த சோற்றையும் சாப்பிட்டோம், யாரும் சாகவில்லை.

வரைந்து முடித்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பி என் முன்னால் பிடிப்பாள். படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பெயர்தான் கண்ணில் படுமாம், உருவம் படாதாம். எனக்கு உருவம் மட்டும்தானே. எது நொண்டுகிறது அத்தை என்று கேட்பாள். நான் இது முதுகில் விழுகிறது, அது பக்கத்தில் இருப்பதை இடிக்கிறது என்று சொல்வேன். அழித்துவிட்டு மறுபடி உட்காருவாள். நான் சொல்வது சரியில்லை என்று தோன்றினால் வாதாடவும் செய்வாள். அதுவும் நடந்திருக்கிறது.

முகுந்தனுக்கு அப்போது ஒரே சந்தோஷம். பலகையைப் பார்த்தவர்கள் எல்லாம் யார் எழுதியது என்று கேட்டார்கள். தன் கடைப் பெயரைப் போட்டு இணையத்தில் படம் படமாக ஏற்றினான். தாமரையின் பெயரைப் போடவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாள் பலகை குப்பைத் தொட்டியோரம் சாய்ந்து கிடப்பதை லோரியில் போகும்போது பார்ப்பாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அவளுடைய அம்மா நல்லம்மாள் தவறிப்போனார். வருஷம் திரும்புகிற சமயத்தில் சமாதிக் கல் வைக்க வேண்டும். கல் பட்டறை ஒரு சீனத் தௌக்கேயுடையது, முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் காட்டிய எழுத்து மாதிரியும் அந்தக் கம்ப்யூட்டர் எழுத்தேதான், ரெஸ்டோரன் வாசலில் சாப்பாட்டு நேரம் போட்டிருக்குமே, அதே எழுத்து. என் அம்மா பெயரை நானே வரைகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கல்லில் எழுதுவது அவள் நினைத்த மாதிரி இல்லை. கல்லின் மேல் ரப்பர் தாளை ஒட்டி, எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, குழாயால் மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள். ரப்பர் இல்லாத இடத்தை மணல் தின்னும். நம் எழுத்தில் சுழி அதிகம். சுழிக்கு நடுவில் நிற்கிற குட்டி ரப்பர் துண்டு மணல் வேகத்தில் பறந்துவிட்டால் எழுத்தின் கண் பொத்துப்போய் வெறும் பள்ளமாகிவிடும். முதல் தடவை அம்மாவின் பெயரிலேயே கடைசி எழுத்தின் சுழி பறந்துவிட்டது. கல்லின் முகத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி செய்யலாம், ஆனால் தௌக்கே, ஓட்டையைப் பெரிதாக வரை என்று மலாயில் சொன்னார். தாமரை வீட்டுக்கு வந்து அழவில்லை. உட்கார்ந்து எல்லாச் சுழியையும் அகலமாக்கினாள். அகலமாக்கினால் எழுத்து தொப்பை போட்டுவிடும், அதற்கு உடம்பை மாற்ற வேண்டும். இப்படியே போய், கடைசியில் நின்ற கல்லை நீங்கள் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். எனக்குப் படிக்க வராது. ஆனாலும் அது நல்லம்மாள்தான். குள்ளமாக, அழுத்தமாக, இடுப்பில் கை வைத்து நிற்கிற மாதிரி.

பக்கத்துச் சமாதிக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டுப் பட்டறையில் கேட்டார்கள். பூச்சோங்கிலிருந்து ஆள் வந்தது, சுங்கை வேயிலிருந்து வந்தது. தாமரை வீட்டுக்கே கூட்டிவந்து உட்கார வைத்து, போனவர் எப்படிப்பட்டவர், சிரிக்கிறவரா, கோபக்காரரா, நெட்டையா என்று கேட்பாள். அழுதுகொண்டு வந்தவர்கள் பேசிப் பேசிச் சிரித்துவிட்டுப் போவார்கள். இதைத்தான் தீட்டு என்கிறார்கள்.

சீதாலெட்சுமியின் மகள் மலர்விழிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை யுகேந்திரன். மேடை முகுந்தனுடையது, பலகை தாமரையுடையது. பெண்ணின் பெயர் முடிகிற வளைவு அப்படியே ஓடிப்போய் மாப்பிள்ளை பெயரின் தலையைத் தொடுகிற மாதிரி வரைந்திருந்தாள். அந்தப் பெண் பார்த்துவிட்டுத் தாமரையைக் கட்டிக்கொண்டது. சீதாலெட்சுமியும்தான் இனிக்க இனிக்கப் பேசினாள். எல்லாம் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பெரியவரின் சமாதிக்குப் படையல் போடப் போனார்கள். பக்கத்தில் அய்யாவு என்று ஒருவரின் புதுக் கல். அந்த எழுத்தின் வால் வளைவதைப் பார்த்ததும், இதை எங்கேயோ பார்த்தோமே என்று ஒருத்திக்குத் தோன்றிவிட்டது. கைப்பேசியில் பலகையின் படம் இருந்ததா, பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை சீதாலெட்சுமி, அவள் புருஷன், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், எல்லாருமாக வந்து இறங்கினார்கள். பலகையைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். பிணத்தைக்கூட அவ்வளவு பயத்தோடு தூக்க மாட்டார்கள். முகுந்தன் லோரியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக் கார் நிறுத்துகிற இடத்தில் போட்டான். உட்கார்ந்து ஆளுக்கு ஆள் பேசினார்கள். அச்சடித்த பேனர் போதும் என்றார்கள், இல்லாவிட்டால் மேடையே வேண்டாம் என்றார்கள், இன்னும் இரண்டு வீட்டார் இதே யோசனையில் இருப்பதாகச் சொன்னார்கள். என் மகனுக்கு வேர்த்துக் கொட்டியது. உள்ளே போனவன் தட்டில் சூடம் கொளுத்தி எடுத்துக்கொண்டு வந்தான்.

"இதுல அடிச்சு சத்தியம் பண்ணு தாமரை. இனிமே சாவு எழுத்து எழுத மாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. அதோட முடிஞ்சிரும்."

"நான் எழுதுவேன். அப்புறம் எப்படிங்க பொய் சத்தியம் பண்றது?"

"பொய் ஏன் ஆகுது? நிறுத்திடு லா. கல்யாணப் பலகைய எழுது, யாரு வேணாங்கிறா?"

"அதை மறுநாளே நீங்க குப்பையில போட்டுட்டு வர்றீங்க. நான் குறை சொல்லல, அது அப்படித்தான். கல்லுல எழுதுனது நிக்குது. அம்மா பேரை எழுதுன அன்னைக்குத்தான் எதுக்குப் படிச்சோம்னு எனக்கே புரிஞ்சிச்சு. அதை என்னால விட முடியாது."

சீதாலெட்சுமி மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள். "தொட்டிலாட்ட வக்கில்ல, சமாதிக்குப் பேரெழுத முடியுதாம்."

நான் எழுந்துவிட்டேன். வாயைத் திறப்பதற்குள் தாமரை வந்து என் கையைப் பிடித்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். "வேணாம் அத்தை," என்றாள் மெதுவாக. "அவரு பொழப்பு போயிரும்."

அவளுக்காக அன்றைக்கு வாயை மூடினேன். இனி நான் யாருக்காக மூட வேண்டும்? கேளுங்கள். சீதாலெட்சுமி குந்தியிருந்த அந்த நாற்காலி அதே வாரம் மேரு பக்கத்தில் ஓர் இழவு வீட்டில் கிடந்த நாற்காலி. பாடைக்கு மேல் நின்ற கெமாதான் அவள் மகள் கல்யாணத்துக்கும் நின்றது. இழவு வீட்டுக்குப் போய்வந்த நாற்காலிகளைக் குழாய் பிடித்துக் கழுவுகிறவள் நான்தான். கிள்ளான் முழுக்க அப்படித்தான் நடக்கிறது, அதில் தப்பும் இல்லை. சாவுக்கு வந்தவர்கள் நிற்க வேண்டுமா என்ன? ஆனால் சாவு வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒருத்தியின் கையைத் தீட்டு என்று சொல்கிறாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகனுக்கும் இது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பெண்டாட்டியை யாரும் தொட்டிருக்க முடியாது. அவன் சொல்லவில்லை. அவனைக் காப்பாற்றியவள் அவள். அவளை அவன் காப்பாற்றவில்லை. பெற்றவள் நான் சொல்கிறேன், எழுதிக்கொள்.

சூடம் எரிந்துகொண்டே இருந்தது. தாமரை தட்டையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"சத்தியம் பண்ணலன்னா இந்த வீட்டுல இருக்க முடியாது," என்றான் முகுந்தன். நாலு பேர் பார்க்கிறார்களே என்று சொன்ன பேச்சு அது. சொல்லிவிட்டான்.

"சரிங்க," என்றாள்.

உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். துணி கொஞ்சம்தான் எடுத்தாள். தூரிகைகளை ஈரம் படாமல் துணியில் சுற்றி வைத்தாள். மேசையில் இருந்த நீளத் தாளைச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு குடும்பம் தங்கள் தாயின் கல்லுக்காக வரையச் சொல்லியிருந்த பெயர் அது. நான் நீ போகாதே என்று சொல்லவில்லை. போகாதே என்றால் இருந்து சத்தியம் பண்ணு என்றுதானே அர்த்தம், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தங்கச் சங்கிலியைக் கழற்றினேன். வேண்டாம் என்று திரும்ப என் கழுத்திலேயே போட்டுவிட்டாள். கூந்தல் எண்ணெய் அலமாரியில் இருக்கிறது, மாத்திரையை மறக்க வேண்டாம் என்றாள்.

வெளியே வந்ததும் முகுந்தன் எங்கே போகிறாய் என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"கல்லுப் பட்டறைக்கு. இன்னைக்கு ரப்பர் வெட்டுறாங்க, சுழி பறக்காம பக்கத்துல நிக்கணும்."

"அப்புறம்?"

"லோகேஸ்வரி வகுப்பு நடத்துற மாடியில ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

அவன் தட்டைக் கீழே வைத்தான். சுருட்டிய தாள் நீளமாக இருந்தது. வழி முழுக்க நாற்காலி.

"கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறீங்களா அக்கா," என்று சீதாலெட்சுமியிடம் கேட்டாள் தாமரை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

சீதாலெட்சுமி எழுந்து, தானே நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். தாமரை தாள் கசங்காமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, செருப்பை மாட்டி, கேட்டைத் திறந்து போனாள்.