முடிச்சுப் போட்ட கேபிள்

சென்ற ஆண்டு சித்திரையில், கடலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொடங்கியது இது. எங்கள் தண்ணீர்த் தொட்டி வழிந்தால் நேராகப் பக்கத்து வீட்டு மாடியில்தான் விழும். அன்று அங்கே பழைய வேட்டியில் அரிசி வடாம் காய்ந்துகொண்டிருந்தது. நான் மோட்டாரைப் போட்டுவிட்டுப் புத்தகத்தில் மூழ்கியிருந்தேன்.

"இன்னா அண்ணே, வடாத்த திரும்ப கூழாக்கிட்டீங்களே! ஞாயித்துக்கிழம மறுபடி புழியறேன். அதுலயும் தண்ணி வுட்டீங்கன்னா அப்புறம் அண்ணன்னு கூப்புட மாட்டேன்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்மணி. பதினைந்து வருடப் பழக்கம் ஊசலாடியது.

தொட்டி நிரம்பினால் கத்தும் கருவி கடையிலேயே கிடைக்கும். வாங்கி மாட்டியிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. நானோ ஐம்பத்திரண்டு வயதில், நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகை, தண்ணீர் பட்டால் உணரும் சென்சார், கீச்சிட ஒரு பஸ்ஸர் எல்லாம் வந்து சேர்ந்தன. கணினியில் எழுதும் கட்டளையைக் கேபிள் வழியாகப் பலகைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். முதல் பாடம், பலகையிலுள்ள சின்ன விளக்கைக் கண்சிமிட்ட வைப்பது. கேபிளைச் செருகியதும் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கணினியோ, அப்படி யாரும் வரவில்லையே என்றது.

"ஏங்க, கேபிள மாத்திப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

விளக்கு எரியும்போது கேபிள் எப்படிக் கெட்டிருக்கும் என்று அவளுக்குப் பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். அதன்பின் மூன்று நாள் மென்பொருளை நீக்குவதும் ஏற்றுவதுமாகக் கழிந்தன. பலகையைச் சந்தேகித்தேன், விற்றவரைச் சந்தேகித்தேன். என்னை மட்டும் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். மேலவீதிப் பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. கடைக்காரப் பெண் என் பலகையைத் தொடக்கூட இல்லை.

"இந்த கேபிள் எதோட வந்தது சார்?"

"சார்ஜ் போடுற கைவிசிறியோட."

"அதான். இதுல கரண்ட்டு மட்டுந்தான் போவும், பேச்சு போவாது. அதுக்கான கம்பியே உள்ள இல்ல."

வேறு கேபிளைச் செருகினார். விளக்கு கண்சிமிட்டியது, என்னைப் பார்த்து. பிறகு என் கேபிளின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "இந்த மாதிரி கேபிளுக்கெல்லாம் முடிச்சு போட்டு வெச்சிருவோம். இல்லன்னா நாங்களே ஏமாந்துருவோம் சார்." அந்த 'நாங்களே' எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவருக்குத் தெரியாது.

அவரிடமே நல்ல கேபிள் ஒன்று வாங்கி வந்து, அன்றிரவே எல்லாவற்றையும் தொட்டியில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து மாடியில் வடாம். தொட்டி நிரம்பியது, பஸ்ஸர் கத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தேன்.

"அண்ணே, அது கத்துதே! மோட்டார நிறுத்துங்கண்ணே!"

பதறி ஓடினேன். கீழே மனைவி ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். வடாத்தில் ஒரு சொட்டு விழவில்லை.

முடிச்சுப் போட்ட கேபிளை மோட்டார் சுவிட்சுக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு அவள் சொன்னாள்: "கரண்ட்டு மட்டும் ஜாஸ்தி. யாரு என்னா சொன்னாலும் உள்ள போவாது. யார மாதிரின்னு நான் வேற சொல்லணுமா?"

இன்றும் சுவிட்சுக்குக் கை நீட்டும்போதெல்லாம் அந்த முடிச்சு கண்ணில் படுகிறது. அவள் ஏதாவது சொல்ல வந்தால், வகுப்பெடுக்கத் துடிக்கும் வாயை மூடிக்கொண்டு முதலில் கேட்கிறேன், பத்தில் ஆறு தடவையாவது.