பாக்கெட்டின் பின்பக்கத்து நம்பர்

முத்தாறு சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பினால், 'வாடிக்கையாளர் சேவை' என்று ஒரு செல்போன் எண் இருக்கும். அது விருத்தாசலம் ஆலடி ரோட்டில் குடியிருக்கும் அம்சவல்லியின் சொந்த நம்பர்.

2009இல் பாலகிருஷ்ணன் கடலை ஆட்டும் மெஷின் இரண்டோடு கம்பெனி தொடங்கினார். பாக்கெட்டில் ஏதாவது ஒரு போன் நம்பர் போட்டாக வேண்டும். மெஷின் இரைச்சலில் அவருக்குப் போன் கேட்காது. பீங்கான் பொம்மைக்குக் கண் வரையும் வேலையை விட்டுவிட்டு பாக்கெட் போட வந்திருந்த அம்சவல்லியிடம், "ரெண்டு மாசத்துக்கு உன் நம்பரு இருக்கட்டும்மா" என்றார். பதினாறு வருடம் ஆகிவிட்டது.

கம்பெனி வளர்ந்த கதை அம்சவல்லிக்கு அழைப்புகளாகத்தான் தெரியும். முதல் அழைப்பு நல்லூரிலிருந்து. மூன்றாம் வருடம் மலையாளத்தில் ஒன்று. 'எண்ண' என்ற ஒரு சொல்தான் புரிந்தது. கம்பெனி முறுக்கும் போடத் தொடங்கிய வாரம், உடைந்தவை எத்தனை என்று எண்ணிச் சொன்னார் ஒரு கணக்கு வாத்தியார். பிறகு சவுதியிலிருந்து ஒரு மங்கலம்பேட்டைக்காரர்: "அம்மா குடுத்தனுப்புன எண்ண பாக்கெட்டு பொட்டியிலயே ஒடஞ்சிடுச்சுக்கா. வெள்ளச் சட்டையெல்லாம் இப்ப வடை வாசன!"

இன்று எண்ணெய், முறுக்கு, சேமியா என்று நான்கு மாநிலங்களில் விற்பனை. ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு. அத்தனையையும் ஒரே ஆள் எடுக்கிறார், சோற்றுக் கையோடுகூட.

போன ஆடியில் சென்னை கம்பெனி ஒன்று முத்தாறை வாங்கியது. கார்த்திகையில் புது மேனேஜர் திலீபன், நம்பரைக் கம்பெனி பெயருக்கு மாற்றும் படிவத்தோடு அம்சவல்லி வீட்டுக்கே வந்தார். இனி அழைப்புகள் சென்னை கால் சென்டருக்குப் போகும்.

"ஒரு கையெழுத்து போதும்மா."

"நம்பரு போயிட்டா எனக்கு என்னா வேலைங்க?"

"திரும்ப பாக்கெட் போடுற இடத்துலயே சேத்துக்குறோம்."

அம்சவல்லி பேனாவைத் தொடவில்லை. போன் அடித்தது. சேத்தியாத்தோப்பு டீக்கடைக்காரர். வடை போட்டால் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிகிறதாம்.

"நுரை அடங்குதாண்ணா? அடங்கலியா? பாக்கெட்டு ஓரத்துல தேதியும் மெஷின் நம்பரும் இருக்கும், படிங்க."

கேட்டுக்கொண்டே திலீபன் பக்கம் திரும்பினார். "காலையிலேருந்து இது மூணாவதுங்க. மூணு பேருக்கும் அதே தேதி, அதே மெஷினு. தொட்டி கழுவுன சோப்புத் தண்ணி கலந்திருக்கும். ரெண்டாம் வருஷமும் இப்படித்தான் பொங்குச்சி."

திலீபன் வாசலுக்கு ஓடி ஆலைக்குப் பேசினார். ஆறு லாரி கேட்டிலேயே நின்றது. ஏழாவது, உளுந்தூர்பேட்டை டோலிலிருந்து திரும்பியது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: தொட்டியின் அடிக்குழாயில் சோப்புத் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது.

அவர் உள்ளே வந்து அப்படியே உட்கார்ந்தார். "இத்தனையும் எப்படிம்மா ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

"திட்டுனவங்கள மறக்க முடியுங்களா?"

மறுபடி போன். இந்த முறை திலீபனே எடுத்தார்.

"யாருய்யா நீ? அம்சாக்கா இல்லியா?" என்றது ஒரு பெண் குரல்.

"கம்பெனி மேனேஜரும்மா. என்கிட்ட சொல்லுங்க."

"ஒன்கிட்ட என்னாத்த சொல்றது? அக்காகிட்ட குடு."

கொடுத்தார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு செருப்பைத் தேடினார். அம்சவல்லி அதைக் கவனிக்கவே இல்லை.

"சொல்லு வளர்மதி. சேமியா கொழஞ்சிடுச்சா? தண்ணி எவ்ளோ ஊத்துன?"