பெப்பர்மிண்ட் டப்பா

எங்கள் மாமா தன் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் குடித்தவர் இல்லை. ஆனால் மத்திகிரியில் அந்தக் காலத்து ஆட்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், "நல்ல மனுசன், குடிதான் கெடுத்துச்சு" என்பார்கள். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அப்போது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், பாவாடை இடுப்பில் ஒரு டப்பாவைச் செருகிக்கொண்டு.

அறுபதுகளின் கடைசி. அப்பாவுக்கு மாட்டுப் பண்ணையில் வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. மாமா அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஒரு பாக்டரியில் லேத் ஓட்டினார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அக்காவைப் பார்க்க வருவதாகப் பேர். அவர் வருகிற நாளில் அத்தை தலைக்குக் குளித்து, கோழிக் குழம்பு வைத்து, களி கிண்டி முடித்துவிட்டு, வாசலில் காயப்போட்ட துணியை எடுக்கப் போவாள். திரும்பத் திரும்பப் போவாள். துணி அப்படி என்ன காயாமல் கிடக்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நான் சொல்லவரும் சம்பவத்துக்கு முந்தின வருஷம் மாமா பாதி ஆளாக இளைத்துப்போனார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். காலில் வந்த கட்டி ஆறவே மாட்டேன் என்றது. பெங்களூர் டாக்டர் சர்க்கரை வியாதி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை கெட்டிக்கார மாத்திரை. தாகம் அடங்கியது, கட்டி ஆறியது, கன்னத்தில் சதை பிடித்து மாமா பழைய மாமா ஆனார். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. போட்டால் அரை மணிக்குள் சோறு உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால் உடம்புக்கு வேண்டிய சர்க்கரையையும் சேர்த்து இறக்கிவிடும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும். ஒரு தரம் பண்ணை வேலி ஓரமாக என்னோடு நடந்து வரும்போது அவருக்கு அப்படி ஆகிவிட்டது. நான் ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மா ஒரு கை சர்க்கரையை அவர் வாயில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, பயந்துட்டியா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வியாதியை வெளியே சொல்லக்கூடாது என்பது அக்காவும் தம்பியும் செய்துகொண்ட ஏற்பாடு. வம்சத்தில் வருகிற வியாதி என்று பேச்சு வந்தால் நாளைக்கு என்னைக்கூட யாரும் கட்டமாட்டார்கள் என்று அம்மாவுக்குப் பயம். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. மாமா எனக்குப் பெப்பர்மிண்ட் வாங்கிவந்த தகர டப்பாவில் சர்க்கரையை நிரப்பிக் கொடுத்தார். அவர் வீட்டில் இருக்கும்வரை அதை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே திரிவது என் உத்தியோகம்.

சர்க்கரையை ரேஷனில் அளந்து கொடுத்த காலம் அது. நானும் உத்தியோகத்தில் அவ்வளவு யோக்கியம் இல்லை. விரலால் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டே இருப்பேன். இருந்தும் அடுத்த சனிக்கிழமை திறந்தால் டப்பா விளிம்புவரை நிறைந்திருக்கும். அந்தோணியார் செய்கிற புதுமை, அற்புதம் என்றே நம்பினேன். அதே சமயத்தில் அத்தை தவக்காலத்துக்காகக் காபியில் சர்க்கரையை விட்டிருந்தாள். ஈஸ்டர் வந்து போயிற்று, மற்றவர்களெல்லாம் விட்டதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் ஏதோ வேண்டுதல் என்று சொல்லி அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடித்தாள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற அறிவு எனக்கு இல்லை.

அந்த வருஷம் மாமாவுக்கும் அத்தைக்குமான கல்யாணப் பேச்சை முடிக்க ஒரு சனிக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து பெரியப்பா வந்தார். அத்தைக்கு அப்பா ஸ்தானம் அவர்தான். எங்கள் தாத்தா குடித்தே செத்தவர். அதனால் அத்தை ஒரு தடவை அம்மாவிடம் சொல்லியிருந்தாள்: "கூழுக்கு இல்லாதவன்னாலும் சரி அண்ணி, நோயாளின்னாலும் சரி. குடிக்கறவன் மட்டும் வேணாம்."

எங்கள் பக்கம் மதுவிலக்கு. மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் சாராயக் கடை. ஆகவே பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஆண்பிள்ளை தடுமாறினால் ஊருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அன்று, போனதும் சாப்பிட உட்காரலாம் என்று மாமா பஸ்ஸிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். யாரோ பாட்டில் கடத்துகிறார்கள் என்று போலீஸ் எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, மூட்டை முடிச்சையெல்லாம் இறக்கிச் சோதனை போட்டது. ஓசூர் வந்து ஜட்கா பிடித்து அவர் எங்கள் வாசலை அடைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ஜட்காக்காரர்தான் கைத்தாங்கலாக இறக்கினார். "பாத்துப் புடிங்கண்ணா, ஆளு நெலையில இல்ல" என்றார். மாமாவின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பெரியப்பாவைக் கும்பிடப் போய்ச் சுவரில் சாய்ந்தார். ஏதோ சொன்னார், ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன மாப்ள, அத்திப்பள்ளியில எறங்கிட்டு வந்தியா?" என்றார் பெரியப்பா.

நான் யாரையும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து மாமாவின் வாயில் கொட்டினேன். பாதி சட்டையில் சிந்தியது. போதையைத் தெளியவைக்கப் பிள்ளையைப் பழக்கி வைத்திருக்கிறீர்களா என்று பெரியப்பா அம்மாவை ஏசினார். அம்மா முந்தானையால் மாமாவின் முகத்தைத் துடைத்தாள். அத்தை அதற்குள் களியும் குழம்புமாகத் தட்டோடு சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

மெல்ல மாமாவின் கண் தெளிந்தது. இப்போது சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அத்தையும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரியப்பாவிடம் குழறாமல் சொன்னார்: "குடிச்சிட்டுதாங்க வந்தேன். ரொம்ப நாளாவே இருக்கற பழக்கம்."

அத்தை தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன்பின் சனிக்கிழமைகளில் மாமா வரவில்லை. அடுத்த வருஷம் அத்தை நாட்றாம்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

பல வருஷம் கழித்து எனக்கும் சர்க்கரை வந்து, மாத்திரை போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் அம்மா மனசு விட்டுப் பேசினாள். "நோவுன்னு சொல்லியிருந்தா அவ பரவால்லன்னு கட்டிக்குவா. சின்ன வயசுலயே தாலியறுத்துட்டு நிப்பாளேன்னு உங்க மாமனுக்குப் பயம். குடின்னாதான் அவ விடுவான்னு அப்படிச் சொன்னான்."

பேச்சோடு பேச்சாக, டப்பாவை நிரப்பி வைத்ததைப் பற்றிக் கேட்டேன். அம்மா விழித்தாள். "நான் எங்கடி நெரப்புனேன்? நீதான் சர்க்கரை டின்னுல இருந்து எடுக்கறேன்னு நெனச்சிருந்தேன்."

அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மாமா குடிக்கவில்லை என்பதும் தெரியும். தெரிந்தவள் காதில் அந்தப் பொய் எப்படி விழுந்திருக்கும்? குடிகாரன் என்ற பேரைச் சுமந்தாலும் சுமப்பேன், இவள் வேண்டாம் என்று அவர் நினைப்பதாகத்தானே எடுத்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் இப்போது இல்லை. ஒரே வீட்டில் எதிரெதிராக உட்கார்ந்து இருவரும் சர்க்கரை போடாத காபி குடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது.

மாமா குடித்ததாகச் சொன்னதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து அத்தை எல்லோருக்கும் காபி கலந்தாள். கடைசியாகத் தன் டம்ளரிலும் சர்க்கரை போட்டு ஆற்றினாள். வேண்டுதல் முடிஞ்சிருச்சா அத்தை என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சு கண்ணு" என்றாள்.

அவள் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.