பத்து மீட்டருக்குள்

"கை எட்டுற தூரம்னு வச்சுக்குங்க. கூட்டிச் சொன்னா பத்து மீட்டர்," என்றபடி அவள் கரும்பலகையில் ஒரு சின்ன வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் ஒரு போன், ஒரு கடிகாரம், காதில் மாட்டும் கருவி. கம்பியில்லாமல் புளூடூத்தில் பேசிக்கொள்ளும் இவை மூன்றும் சேர்ந்தால் ஒரு ஆளுக்கான வலைப்பின்னல். வகைகளில் இதுதான் கடைக்குட்டி.

தையல் கடைக்கு மேலே, முதல் மாடியில், வயதில் பெரியவர்களுக்கான கணினி வகுப்பு. காலை பதினொரு மணி. ஒன்பது ஆண்டுகளாக இதே பாடத்தை இதே வரிசையில் நடத்துகிறாள். சின்ன வட்டத்தைச் சுற்றி அடுத்தது: ஒரு கட்டடத்துக்குள் பத்து கணினிகள் ஒரே பிரின்டரைப் பங்கு போட்டுக்கொள்வது. அதன் பெயர் லேன். அதற்கு வெளியே, ஒரு வங்கியின் கிளைகளை ஊர் முழுக்க இணைப்பது மேன். கடைசி வட்டம் பலகையில் அடங்காது. இரு ஓரங்களிலும் வெறும் வளைவாக நிற்கும். ஊர்களையும் நாடுகளையும் கோப்பது, வேன். அந்த வகையிலேயே பெரியது இணையம்.

"வேன்னா நான் முப்பது வருஷம் ஓட்டியிருக்கேனே மிஸ்," என்றார் ஓய்வு பெற்ற ஓட்டுநர். ஒவ்வொரு பேட்சிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். அவள் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

மூன்று ஆண்டுகளாக அந்தக் கடைசி வளைவை வரையும்போது மட்டும் சாக்பீஸ் ஒரு கணம் நிற்கும். தம்பி அதற்குள் எங்கோ இருக்கிறான் என்பது அவள் கணக்கு. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பியவன், வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. போன் அன்றே அணைந்துவிட்டது. அம்மாவின் கணக்கு வேறு. அவன் தட்டைக் கழுவாமல் வெளியே போயிருக்கிறான். வந்ததும் திட்ட வேண்டும்.

செய்து காட்டும் நேரம் வந்தது. எல்லோரையும் புளூடூத்தைத் திறந்து வைக்கச் சொல்லி, தன் கணினியில் தேடினாள். சுவரில் விழுந்த வெளிச்சத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஓட்டுநரின் போன் 'சிங்கம்'. யாரோ ஒருவருடையது 'தொடாதே'. ஆறாவதாக ஒன்று வந்தது.

எந்திரிடா எருமை.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. யாருய்யா அந்த எருமை என்று ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். ஓட்டுநர் தன்னுடையது சிங்கம்தான் என்று சத்தியம் செய்தார்.

அவள் சிரிக்கவில்லை. லீவு நாளில் மதியம் வரை தூங்கும் தம்பியின் போனில் அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். 'அக்கா வச்ச பேரு' என்று அவன் மாற்றாமலே வைத்திருந்தான்.

எல்லோரும் புளூடூத்தை அணைத்துவிடுங்கள் என்றாள். சிங்கம் போனது. தொடாதே போனது. ஒவ்வொன்றாகப் போய், சுவரில் அந்த ஒரு வரி மட்டும் நின்றது.

பத்து நிமிட இடைவேளை என்று சொல்லிவிட்டுத் தன் போனில் அதே தேடலைத் திறந்துகொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் பெயர் இருந்தது. தையல் கடைக்குள்ளும் இருந்தது. தையல்காரர் தலை நிமிராமல், மேலே என்ன சிரிப்பு என்று கேட்டார். கடையில் வேறு யாரும் இல்லை. தெருவைக் கடந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த நான்கு முகங்களையும் பார்த்தாள். நான்கும் வேறு முகங்கள். திரையில் பெயர் அழிந்துவிட்டது. திரும்பிப் படியேறியதும் வந்துவிட்டது.

அப்படியானால் மேலேதான். மேலே வகுப்பறை, அதை ஒட்டிப் பூட்டிய அறை ஒன்று, பழைய மானிட்டர்களைப் போட்டு வைப்பது. அவள் அந்தக் கதவின் முன் நின்றாள். உள்ளே ஆள் இருக்க முடியாது என்று தெரியும். சாவியும் அவளிடம்தான். இருந்தாலும் கதவில் காதை வைத்தாள். தன் மூச்சுதான் கேட்டது. தம்பியை வீட்டில் கூப்பிடுவதுபோல், மெதுவாக, "டேய்" என்றாள்.

"மிஸ்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மருத்துவமனையில் படுக்கை மாற்றும் வேலை பார்க்கும் அக்கா. கடைசி பெஞ்ச், வாயே திறக்காதவர். முந்தானையில் பொதிந்து வைத்திருந்த போனை நீட்டினார். மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"எருமை என்னோடதுதான் மிஸ். எல்லாரும் சிரிச்சாங்களா, கூச்சமாப் போச்சு. அணைக்கவும் தெரியல."

எங்கே வாங்கினீர்கள் என்று அவள் கேட்டாள். பழைய போன் கடையில், போன மாதம் என்றார் அக்கா. வாங்கும்போதே பெயர் அப்படித்தான் இருந்ததாம்.

"எனக்குத்தான் சொல்லுதுன்னு நினைச்சுக்குவேன். விடிகாலை டியூட்டி பாருங்க. திட்டினாத்தான எந்திரிக்கத் தோணுது." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "திருட்டுப் போனா மிஸ்?" என்றார்.

"இல்லக்கா. என் தம்பியோடது."

அக்கா போனை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். அவள் அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். வேறொருவர் கையின் சூடு அதில் இருந்தது. கடையின் பெயரைக் கேட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை கடைக்குப் போனாள். படங்களையும் எண்களையும் அழித்ததாகக் கடைக்காரர் சொன்னார்; மற்றதை யார் பார்க்கிறார்கள் என்றார். விற்பவரின் அடையாள அட்டை நகலை வாங்கி வைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. கோப்பில் தேடி எடுத்தார். தம்பியின் அட்டை. கீழே தம்பியின் கையெழுத்து, எட்டு வாரத்துக்கு முந்தைய தேதி. ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டதற்கு, தினம் முப்பது பேர் வருகிறார்கள் என்றார். கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தாள். பதினொரு நிமிடம் ஆனது. அம்மா நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இளைச்சிருக்கானா?" என்றாள். படம் பழையது, தெரியாது என்று சொன்னாள். பிறகு காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் நகலைக் கோப்பில் சேர்த்தார். தானாகப் போன, வயது வந்த ஆளைக் காணாமல் போனவர் பட்டியலில் வைக்க முடியாது என்று சொல்லி, பெயரைக் கோடு போட்டு அடித்தார். காலை வகுப்பை மூன்று மணிக்குத் தள்ளி வைத்திருந்தாள். ஏழு பேர் வந்திருந்தார்கள். மருத்துவமனை அக்கா வரவில்லை. வரிசைப்படி அடுத்தது லேன். அதை நடத்தினாள்.