எலிக்காக வாதாடியவர்

நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கேமரா மாட்டப் போனபோதுதான் அந்த ஆராய்ச்சி மாணவியைப் பார்த்தேன். கடற்கரைக்காரர். குட்டையான உருவம், அலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். மறதி நோய் வரும்படி வளர்த்த எலிகளைப் பால்பொடி கலந்து வெளுத்த தண்ணீரில் நீந்தவிடுவார். உள்ளே மறைந்திருக்கும் மேடையை எலி முன்பு பழகிய ஞாபகத்தில் தேடி ஏற வேண்டும். ஏறினாலும் ஏறாவிட்டாலும் "வா மக்கா" என்று தூக்கித் துண்டால் துவட்டிவிடுவார்.

அன்று ஒரு கிழட்டு எலி தொட்டிச் சுவரோரமாகவே சுற்றியது.

"மறந்தாச்சு. எழுதும்மா" என்றார் பேராசிரியர்.

"கண்ணு தெரியுதான்னு பாக்காம எழுத மாட்டேன் சார்."

மேடையைத் தண்ணீருக்கு மேலே உயர்த்தி, அவர்கள் ஊரில் வலை மிதவைக்குக் கட்டுவதுபோல ஒரு குச்சியில் கறுப்புத் துணி கட்டி நட்டார். எலி அதை உரசாத குறையாகக் கடந்துபோனது.

பேராசிரியருக்குக் கோபம். "இப்பிடிப் பாத்தா பாதி எலியக் கழிக்கணும். ஒரு வருஷ வேலை போயிரும்."

"போனா போட்டு சார். கண்ணு தெரியாதத மறதின்னு எழுத எனக்குக் கை வராது."

அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். இவர் எலியைத் துவட்டினார்.

எங்கள் வீட்டு வாசலில் நான் நின்றால் "யாரு?" என்று கேட்கும் அப்பாவை, மறதி என்று சொல்லி நாங்கள் ஒரு மூலையில் விட்டிருந்தோம். மறுநாள் காலை அவரை வெளியே கூட்டி வந்தேன்.

"மறதிக்கு எதுக்குலே கண்ணாஸ்பத்திரி?" என்றான் அண்ணன்.

"பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று அப்பாவைப் பைக்கில் ஏற்றினேன்.