காற்றில் கரையும் தோட்டம்

காந்தி மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கிவிட்டு வந்த ஊட்டி விவசாயி, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திருச்சி வெயிலிலும் கம்பளிக் குல்லா. கையிலிருந்த கறுப்பு மண்கட்டியை அடிக்கடி முகர்ந்து பார்த்தார்.

“நம்ம தோட்டத்து மண்ணுங்க. சதுப்பு நிலம். காஞ்சா விறகாட்டம் எரியும்.”

பஸ்ஸே பற்றிக்கொள்ளும் என்று பதறி, பிடித்துக்கொண்டிருந்த சிகரெட்டை அணைக்கப்போய் என் வேட்டியைப் பொசுக்கிக்கொண்டேன்.

“தண்ணிய வடிச்சுட்டு வெறும் சாணி உரம்தாங்க போடறேன். ஆனாலும் வருஷா வருஷம் நிலம் கீழ இறங்குது.”

“யாராவது அள்ளிட்டுப் போறாங்களோ?”

“காத்துதாங்க. தண்ணி வடிஞ்ச மண்ணுல காத்து பட்டா, மக்கிக் கரியமில வாயுவாப் போயிடுதாம். விவசாய ஆபீசர் சொன்னார். மறுபடி தண்ணி கட்டினா நிலம் இறங்கறது நிக்குமாம். அப்ப கெழங்க எங்க போடறது, சொல்லுங்க.”

அவர் தோட்டத்தை நானும் கொஞ்சம் இழுத்துவிடக் கூடாதே என்று, அவர் இறங்கும்வரை மெதுவாகத்தான் மூச்சு விட்டேன்.